ரத்தம் எடுத்தாச்சு, தகவல் யார் கையில்? உடலிலிருந்து கிளம்பும் தகவலைக் காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களாக ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் (நோயாளிகளிடம் நடத்தும் ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் குழு), மருத்துவம் படிக்காத பொது உறுப்பினராக இருக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறைப்படி இப்படி ஒருவர் ஒவ்வொரு கமிட்டியிலும் இருக்க வேண்டும். நோயாளிக்குத் தரும் படிவம் நோயாளிக்குப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. ஒருமுறை பதினான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: "உங்கள் மாதிரிகள் எதிர்கால நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படலாம்." என்ன நோக்கம், எத்தனை வருடம், யார் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்குப் போகுமா, எதுவும் இல்லை. அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவர்கள் காலை நாலு மணிக்கு பஸ் பிடித்து, சாப்பிடாமல் வந்து, ஓ.பி. வரிசையில் நிற்பவர்கள். "இங்க ஒரு சைன் போடுங்க" என்றால் போட்டுவிடுவார்கள்.

அந்த வரியை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். ஆனால் எல்லாப் படிவத்தையும் யாராவது படித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. கையெழுத்துப் போடுகிறவர் தானே கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடல் தகவல் என்று நான் சொல்வதில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன் படம், பயாப்சிக்கு எடுத்த சதைத் துணுக்கு, அதிலிருந்து படிக்கப்படும் மரபணு வரிசை, கைரேகை, கருவிழி, கையில் கட்டிய வாட்ச் எண்ணும் இதயத் துடிப்பு எல்லாம் அடக்கம்.

முதலில் ஒரு தெளிவு: "என் ரத்தம், எனக்குத்தானே சொந்தம்?"

இயல்பாக அப்படித்தான் தோன்றும். நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் அப்படிச் சொன்னதில்லை. ஜான் மூர் என்ற அமெரிக்கர் 1976இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். அவருடைய மண்ணீரலை அகற்றினார்கள். சிகிச்சைக்கு அது தேவைதான். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவரை சியாட்டிலிலிருந்து வரவழைத்து ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய செல்களிலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் செல் வரிசை ஒன்றை மருத்துவர் உருவாக்கிவிட்டார் என்பதோ, 1984இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது என்பதோ அவருக்குச் சொல்லப்படவில்லை. வழக்குப் போட்டார். 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: உடலை விட்டுப் போன செல்களில் உங்களுக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் அந்த மருத்துவர் தன்னுடைய ஆராய்ச்சி ஆர்வத்தையும் பண ஆதாயத்தையும் உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தவறு.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், ஆராய்ச்சிக்குத் தரப்பட்ட மாதிரியும் அதன் தகவலும் தந்தவருக்கே சொந்தம், நிறுவனம் அதைப் பாதுகாக்கும் காப்பாளர் மட்டுமே என்கின்றன. அதே 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் ஐ.சி.எம்.ஆர். சொன்னது ஆராய்ச்சிக்கு மட்டும்தான். சாதாரண சிகிச்சைக்கு எடுத்த ரத்தமும் சதையும் யாருக்குச் சொந்தம் என்று நேராகச் சொல்லும் சட்டப் பிரிவு நம்மிடம் இல்லை.

அதனால் சொந்தம் யாருக்கு என்ற வாதத்தில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூர் கேட்டது சொத்து, கிடைத்தது தகவல் பெறும் உரிமை. நமக்கும் கையில் உறுதியாக இருப்பது அதுதான்: கேட்கலாம், மறுக்கலாம், நகல் வாங்கலாம், கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். இவற்றில் பெரும்பகுதி கையெழுத்துக்கு முன்னால் மட்டுமே முழு பலத்தோடு வேலை செய்யும்.

படி 1: எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரே ஊசி, ஒரே குழாய். ஆனால் ரத்தம் எடுக்கப்படும் காரணத்தைப் பொறுத்து உங்கள் உரிமை மாறும். எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "இது என் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?"

சிகிச்சைக்கு என்றால் மருத்துவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆராய்ச்சிக்கு என்றால் தனிப் படிவம், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லாம் உண்டு. ஆராய்ச்சியில் சேர மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. இதைச் சொல்லும் ஒரு வரி படிவத்தில் இருந்தே ஆக வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டும் ஒரே மேஜையில் நடக்கும்போது. அறுவை சிகிச்சைக்கான படிவத்தின் கடைசியில் "அகற்றப்படும் திசுக்களைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, மீதிக்குக் கையெழுத்துப் போடலாம். தவறே இல்லை.

மூன்றாவது வாசல் வேலை. புதிதாக வேலைக்குச் சேரும்போது கம்பெனி மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பும். ரிப்போர்ட் யாருக்குப் போகிறது என்று லேபில் கேளுங்கள். வேலைக்குத் தகுதியா இல்லையா என்ற முடிவு மட்டும் கம்பெனிக்குப் போனால் போதும், முழு விவரம் எனக்கு மட்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. வேலைக்கு அதை நிபந்தனையாக வைக்கவும் கூடாது.

நான்காவது காவல்துறை. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் கைரேகை, கருவிழி, உயிரியல் மாதிரி வரை எடுக்க அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகள் 75 ஆண்டுகள் வரை வைக்கப்படும். உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். ஆனால் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களிலும் ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களிலும் மறுக்க முடியாது. 75 ஆண்டு என்பது ஒரு மனிதரின் ஆயுள். குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே தொடங்கும் ஒரு பதிவுக்கு இது மிக நீண்ட காலம் என்றுதான் நினைக்கிறேன்.

படி 2: படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஆராய்ச்சிப் படிவத்தை அங்கேயே உடனே நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "வீட்டில் கேட்டுட்டு வந்து தர்றேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் தர வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து, முழுவதையும் படித்துக் காட்டியதை உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். சும்மா கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகாது.

சரி, எதைத் தேடிப் படிப்பது? எங்கள் கமிட்டியில் நான் முதலில் தேடுவது "எதிர்கால" என்ற சொல்லைத்தான். அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு அரிசோனாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடையே நீரிழிவு நோய் அதிகம். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் வாங்கினார்கள். நீரிழிவுக்குக் காரணம் தெரியும் என்று நம்பித்தான் மக்கள் கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும், நெருங்கிய உறவில் மணம் முடிப்பது பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்கள் அவர்கள். ஆய்வுக் கட்டுரைகளோ, அவர்களுடைய முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றன. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் தந்து, மீதமிருந்த ரத்த மாதிரிகளையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

அங்கே யாரும் ரத்தத்தைத் திருடவில்லை. படிவத்தில் பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டிருந்தது, நேரில் சொன்னது நீரிழிவு மட்டும். இந்த இடைவெளியில்தான் அத்தனையும் நடந்தது.

அதனால் படிவத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். என்ன நோய்க்கான ஆராய்ச்சி? மிச்ச மாதிரியை என்ன செய்வீர்கள்? வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் மறுபடி என்னைக் கேட்பீர்களா? மரபணு முழுவதையும் படிப்பீர்களா, குறிப்பிட்ட ஒன்றை மட்டுமா? வெளிநாட்டுக்கோ தனியார் கம்பெனிக்கோ போகுமா? இதிலிருந்து மருந்தோ காப்புரிமையோ வந்தால் எங்களுக்கு ஏதாவது உண்டா? தேடாமலே எனக்கு வேறு ஒரு நோய் இருப்பது தெரிந்தால் சொல்வீர்களா? எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் எது?

கடைசிக் கேள்விக்குப் படிவத்திலேயே விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிவம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல படிவங்களில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். இந்த ஆராய்ச்சிக்கு ஆம், சேமித்து வைக்க ஆம், வெளிநாட்டுக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லலாம். இப்படிப் பிரித்துக் கேட்பதையே நான் எப்போதும் வற்புறுத்துவேன். மொத்தமாக ஒரு கையெழுத்து வாங்குவது ஆய்வாளருக்கு வசதி, கொடுப்பவருக்கு இழப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கே ரத்தம் தரக் கூடாது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். நம் மக்களின் மரபணுத் தகவல் உலகத் தரவுகளில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜீனோம் இந்தியா திட்டம் பல்வேறு சமூகங்களிலிருந்து 10,000 பேரின் மரபணுவை வரிசைப்படுத்தியது. 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் விதிகளுக்கு உட்பட்டுத்தான் கிடைக்கும். இத்தகைய வேலைக்கு ரத்தம் கொடுப்பது நல்ல காரியம். தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

படி 3: உங்களைத் தவிர இன்னும் யார் யாருடைய தகவல் இதில் இருக்கிறது?

கைரேகை உங்களுடையது மட்டும். மரபணு அப்படி இல்லை. அதில் அம்மா, அப்பா, அக்கா, தம்பி, பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். தாய்மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இது இன்னும் நெருக்கமாகப் பின்னியிருக்கும்.

ஐஸ்லாந்தில் 1998இல் நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கச் சட்டம் வந்தது. இறந்துபோன தன் அப்பாவின் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் வழக்குப் போட்டார். அப்பாவின் தகவலிலிருந்து தன்னைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பது அவர் வாதம். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

ஹென்ரியட்டா லாக்ஸின் குடும்பத்துக்கும் இதே பிரச்சினைதான். 1951இல் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தவர் அவர். அவருக்குத் தெரியாமல் எடுத்த செல்கள் இன்றும் உலகின் ஆய்வகங்களில் ஹீலா என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2013இல் அந்தச் செல்களின் முழு மரபணுவையும் விஞ்ஞானிகள் இணையத்தில் வெளியிட்டார்கள். பேரன் பேத்திகளை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி அந்தத் தரவை யாருக்குத் தருவது என்று பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தாருக்கும் இடம் உண்டு.

நம் பக்கத்திலும் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் காணப்படுகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது. முடிவை ஓர் அட்டையில் எழுதித் தருகிறார்கள். நோய் வெளியே தெரியாமல் அதன் மரபணுவைத் தாங்கியிருக்கும் இருவர் மணந்தால் குழந்தைக்கு நோய் வர வாய்ப்புண்டு என்பதால் திருமணத்துக்கு முன் அட்டையைப் பார்க்கச் சொல்கிறார்கள். மருத்துவ ரீதியில் நியாயமான ஆலோசனை. ஆனால் பெண் பார்க்க வரும் இடத்தில் அந்த அட்டையை யார் யாரிடம் காட்ட வேண்டியிருக்கிறது, காட்ட மறுத்தால் என்ன பேசுவார்கள் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அட்டை அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்க வேண்டும், ஊர் முன்னால் பெயர் வாசிக்கப்படக் கூடாது. பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களிடம் இதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆக, மரபணுப் பரிசோதனைக்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் அக்காவுக்கு இருப்பது தெரிந்தால் தங்கைக்குச் சொல்வதா? தங்கைக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா? முடிவு வந்த அன்று இதைப் பேச ஆரம்பித்தால் யாருக்கும் நிதானம் இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் தகவலைக் கேட்டவரிடமிருந்தே மறைக்கிறது: வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்டுத் தேடுவதும் குற்றம். தன் உடலின் தகவல் தனக்கே கிடைக்காதா என்று ஒரு தாய் கேட்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், இந்தத் தடை சரி என்றே சொல்வேன்.

படி 4: கொடுத்ததன் நகலைக் கையில் வாங்குங்கள்

என் சித்திக்கு மார்பகக் கட்டி எடுத்தபோது பயாப்சி ரிப்போர்ட்டை மட்டும் வாங்கி வைத்திருந்தோம். சில வருடம் கழித்து, அவர் காலமான பிறகு, அவருடைய மகளுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டது. சித்தியின் பிளாக் கிடைத்தால் நல்லது என்றார் மருத்துவர். பிளாக் என்றால் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. அதிலிருந்து சீவித்தான் ஸ்லைடு செய்வார்கள். லேபுக்குப் போனால், வைத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது, இல்லை என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அதனால் பயாப்சி செய்தவர்கள் ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் பிளாக், ஸ்லைடு இரண்டையும் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், நமக்குத் தருவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் எழுதிக் கொடுத்து வாங்கிப்போவது வழக்கம்தான்.

பதிவுகளுக்குத் தெளிவான விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் தந்து அனுப்பினால் அதோடு விடாதீர்கள். நர்ஸ் குறிப்பு, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்ததுதான் முழுப் பதிவு. மருத்துவப் பதிவேட்டுத் துறையில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

"ஐயா/அம்மா, வணக்கம். நான் இந்த எண்ணில் உள்நோயாளியாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சிகிச்சை பெற்றேன். என் முழு மருத்துவப் பதிவின் நகலை, பரிசோதனை முடிவுகளும் ஸ்கேன் படங்களும் சேர்த்து, 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயார்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டால் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாது. மனநலச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தங்கள் அடிப்படைப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தருகிறது.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கண்டிப்பாக வாங்க வேண்டும். ஆராய்ச்சி செய்பவரின் பெயரும் எண்ணும் அதில்தான் இருக்கும். பின்னால் விலக நினைத்தால் அந்தத் தாள்தான் வழி.

படி 5: "பெயரை எடுத்துவிட்டோம்" என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள்

தகவலிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பழைய நம்பிக்கை. 2013இல் ஒரு அமெரிக்க ஆய்வுக் குழு, பெயர் இல்லாத மரபணுத் தரவையும் இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தளங்களையும் ஒப்பிட்டு, கிட்டத்தட்ட 50 பேரை அடையாளம் கண்டது. 2018இல் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்த தொடர் கொலைகாரன் ஒருவன் பிடிபட்டதும் இப்படித்தான். அவன் எந்தத் தளத்திலும் தன் மரபணுவைப் போடவில்லை. தூரத்து உறவினர்கள் போட்டிருந்தார்கள். கொலைகாரன் பிடிபட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினாலே உங்களைத் தேட வழி திறந்துவிடுகிறது.

இவ்வளவு தொழில்நுட்பம்கூட வேண்டாம். "பெண், வயது 34, ஊத்தங்கரை வட்டம், இந்த அரிய நோய்" என்று ஒரு கட்டுரையில் வந்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். மருத்துவர்கள் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டுப் படம் வெளியிடுவதும் இதே மாதிரிதான். காதோலையும் தழும்பும் போதும். படம் எடுக்கும்போது எங்கே போடுவீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பகிர்வீர்களா என்று கேளுங்கள். சிகிச்சைக்கு எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிடுவதற்குத் தனிச் சம்மதம் வாங்க வேண்டும்.

மதுரைக்கு அருகே ஒரு கிராமத்தில் எடுத்த மாதிரிகளில், ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய ஆதி மனிதர்களோடு தொடர்புடைய எம்-130 என்ற மரபணுக் குறி கிடைத்ததை நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு பங்கெடுத்த அந்த வேலை அறிவியலில் மதிப்புள்ளது. ஆனால் அந்தக் குறி இருந்த ஒருவரின் பெயரும் முகமும் உலகம் முழுக்கப் போயின. அவருடைய ஊரும் சாதியும் இன்றும் அந்தக் கதையோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இந்தக் கதை பெருமையாக முடிந்தது. அதே ரத்தத்தில் ஒரு நோயின் குறி கிடைத்திருந்தால் அந்த ஊர் எப்படிப் பேசப்பட்டிருக்கும்?

படி 6: எச்சில் டப்பா, வாட்ச், ஆப், கட்டைவிரல்

எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்கே வரும் டப்பாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திடம் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் இருந்தது. 2018இல் ஒரு மருந்து நிறுவனம் அதில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. அந்தத் தரவிலிருந்து மருந்து கண்டுபிடிப்பதுதான் திட்டம். 2023இல் தரவு கசிந்து சுமார் 69 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. ஏலத்தில் விற்கப்பட்ட சொத்துகளில் அந்த மரபணுத் தகவலும் ஒன்று. நிறுவனத்தின் இணை நிறுவனரே ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் வழியாக வாங்கிக்கொண்டார் என்பதால் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். வேறு யார் வாங்கியிருந்தாலும் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. எனவே இப்படி டப்பா வாங்கும் முன், கம்பெனி விற்கப்பட்டால் என் தகவல் என்ன ஆகும், எச்சிலை அழிப்பீர்களா, தகவலை நீக்க எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் கணக்கை மட்டும் மூடினால் போதாது, சேமித்த மாதிரியை அழிக்கவும் தனியாகக் கேளுங்கள்.

மாதவிடாய் நாள் குறிக்கும் ஆப், நடைக் கணக்கு ஆப் இவற்றில் இருப்பிடம், தொடர்புகள் போன்ற அனுமதிகளை நிறுத்திவையுங்கள். ஓட்டப் பயிற்சி ஆப் ஒன்று 2017இல் வெளியிட்ட வரைபடத்தில், பாலைவனங்களில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவமே தெரிந்தது. வீரர்கள் ஓடிய பாதை.

ஆதார் கைரேகையை ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டி வைக்கலாம். ரேஷன் கடையில் தேவைப்படும்போது திறந்து, பிறகு மறுபடி பூட்டிவிடுங்கள். வயதான பெற்றோருக்கு இதை நீங்களே செய்து கொடுங்கள். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

மருத்துவமனையில் ஆபா எண் (அரசு தரும் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) கேட்டால், அது கட்டாயம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 14 இலக்க எண் அது. பதிவுகளை ஒரே இடத்தில் வைக்க உதவும், எனக்கும் இருக்கிறது. எந்த மருத்துவமனைக்கு எந்தப் பதிவை எவ்வளவு நாள் காட்டுவது என்று நீங்களே அனுமதி தரலாம், ரத்தும் செய்யலாம்.

படி 7: திரும்பப் பெறுவதும் புகார் செய்வதும்

ஆராய்ச்சியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மாதிரியை அழிக்கவும் தகவலை நீக்கவும் எழுத்தில் கேளுங்கள், நகலை எத்திக்ஸ் கமிட்டிக்கும் அனுப்புங்கள். ஏற்கெனவே வெளியான கட்டுரையிலிருந்தோ, அடையாளம் முழுவதும் நீக்கிக் கலந்துவிட்ட தரவிலிருந்தோ உங்களைப் பிரித்தெடுக்க முடியாது. படி 2இல் இவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பார்க்கவும், திருத்தவும், நீக்கவும் உரிமை தருகிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டத்தில் எனக்குள்ள வருத்தம், மருத்துவத் தகவலுக்கும் மரபணுவுக்கும் தனிப் பாதுகாப்பு எதையும் வைக்காததுதான். 2011ஆம் ஆண்டின் பழைய விதிகள் உடல்நிலை, மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக் ஆகியவற்றை கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல் என்று தனியாகவே பிரித்து வைத்திருந்தன.

எங்கே புகார் செய்வது? ஆராய்ச்சி என்றால் முதலில் எத்திக்ஸ் கமிட்டி. மருத்துவர் பதிவைத் தர மறுத்தாலோ ரகசியத்தை உடைத்தாலோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் உங்கள் பதிவைக் கேட்கலாம்.

குழந்தைகளின் பெயரில் நீங்கள் சம்மதம் தந்திருந்தால் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேல் குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும். 18 வயதானதும் மறுபடி அவரிடமே சம்மதம் வாங்க வேண்டும். ஆராய்ச்சி நிறுவனம் மறந்துவிடலாம். படிவத்தின் நகலைப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். பதினெட்டு நிறைந்த அன்று எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, உன் ரத்தம் இந்த இடத்தில் இருக்கிறது, இருக்கட்டுமா வேண்டாமா என்று கேளுங்கள்.